ஏரியைத் தூர்வாரிய வருடம்

புனேயில் இருந்த காலமெல்லாம் ஏரிகளின் அடியில் எவ்வளவு சேறு கிடக்கிறது என்று அளந்து சொல்வதுதான் என் பிழைப்பு. தொண்ணூறுகளின் நடுவில் கசார்வாடியில் ஒரு சிறிய கம்பெனியில் சேர்ந்தேன். கீழே லேத் பட்டறை, மாடியில் எங்கள் அலுவலகம். இரும்பு கடையும் அதிர்வில் என் மேசை லேசாக நடுங்கிக்கொண்டே இருக்கும். வரைபடத்தில் முக்கியமான கோடு எதையாவது போட வேண்டுமென்றால், பட்டறைக்காரர்கள் டீ குடிக்கப் போகும் வரை காத்திருப்பேன்.

முதலாளி மராட்டிக்காரர், ஏறக்குறைய என் வயது. ஏரி, குளம், சின்ன அணைக்கட்டு இவற்றில் சேர்ந்திருக்கும் வண்டலை அளப்பது, அதை எந்த மாதத்தில் எப்படி அள்ளுவது, அள்ளியதை எங்கே போடுவது, மறுபடி எவ்வளவு காலத்தில் தூர்ந்துபோகும் என்றெல்லாம் திட்டம் எழுதிக் கொடுப்பது எங்கள் வேலை. தூர்வாருவது என்றதும் ஆட்களுக்கு மண் அள்ளும் இயந்திரம்தான் ஞாபகம் வரும். அந்த இயந்திரம் வந்து நிற்பதற்கு ஒரு வருடம் முன்பே நாங்கள் தொடங்கிவிடுவோம். அதில் பாதி நாள், சேற்றை எங்கே கொட்டுவது என்ற ஒரே கேள்வியில் போய்விடும். ஏரி ஆழமாக வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். அதிலிருந்து வரும் சேறு யாருக்கும் வேண்டாம்.

எனக்கு அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். மனைவியும் முதலில் என்னோடு புனேக்கு வந்தாள். மகன் அங்கேதான் பிறந்தான். அவன் தத்தித் தத்திப் பேச ஆரம்பித்த சமயத்தில், அவளுக்குத் திருச்சியில் அரசுப் பள்ளியில் ஆசிரியை வேலைக்கு உத்தரவு வந்தது. யாராவது அதை வேண்டாம் என்பார்களா? இரண்டு வருடம் பார்ப்போம், அதற்குள் நானும் ஊர்ப்பக்கம் ஏதாவது வேலை தேடிக்கொள்கிறேன் என்று பேசிக்கொண்டோம். சண்டை ஒன்றும் இல்லை. மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் ரயில் ஏறினாள். திரும்பி வந்து பார்த்தபோது வீட்டில் அவனுடைய பால் பாட்டில் கழுவாமல் கிடந்தது. அதைக் கழுவி வைத்தேன். கொஞ்ச நாளில் அந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, பட்டறையிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஓர் அறைக்கு மாறினேன்.

அதன் பிறகு தமிழ் பேசாமலேயே நாட்கள் போகும். அலுவலகத்தில் மராட்டியும் ஆங்கிலமும், வேலையாட்களோடு ஹிந்தி, மெஸ்காரரோடு எதுவும் பேச வேண்டியதில்லை, தட்டைக் காட்டினால் போதும். ஞாயிற்றுக்கிழமை எஸ்.டி.டி. பூத்தில் வரிசையில் நின்று வீட்டுக்குப் போன் செய்வேன். மனைவியின் குரல் கேட்டதும் முதல் வார்த்தை தமிழில் வருவதற்கு ஒரு நொடி பிடிக்கும். அவள், "லைன் சரியா இல்லையா?" என்பாள்.

நான் சொல்ல வந்த ஏரி தேஹு ரோடு பக்கம் இருந்தது. பெரியது இல்லை. ஒரு பக்கம் பழைய கல் கரை, இன்னொரு பக்கம் பாதுகாப்புத் துறை ஊழியர்களின் குடியிருப்பு. குடியிருப்புக்கும் ஏரிக்கும் நடுவே பள்ளமான ஒரு மைதானம். மேற்கே குன்றுப் பக்கமிருந்து ஒரு நாலா வந்து ஏரியில் விழும். மழைக்காலத்தில் அந்த ஓடை சிவப்பு மண்ணைக் கொண்டுவரும். மற்ற மாதங்களில் வரும் வழியிலுள்ள வீடுகளின் சாக்கடையைக் கொண்டுவரும். இரண்டும் சேர்ந்து ஏரியைப் பாதிக்குமேல் தூர்த்துவிட்டிருந்தன. அங்கே அளக்கும் வேலை எனக்கு வந்தது.

அளப்பதை எளிதாகச் சொல்லிவிடலாம். காலி டிரம்களைச் சேர்த்துக் கட்டி மேலே பலகை அடித்த தெப்பம். கரைக்குக் கரை இழுத்துக் கட்டிய கயிறு. கயிற்றைப் பிடித்தபடி தெப்பத்தை நகர்த்திக்கொண்டே போய், ஒவ்வோர் இடத்திலும் நிற்க வேண்டும். முதலில், அடியில் அகலமான தட்டு வைத்த கழியை இறக்கினால் அது சேற்றின் மேல் உட்கார்ந்துகொள்ளும். அது தண்ணீரின் ஆழம். பிறகு மெல்லிய இரும்புக் கம்பியை இறக்கி, கெட்டியான பழைய தரை தட்டும் வரை அழுத்த வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சேறு. காற்று எழும்புவதற்கு முன் காலையில் செய்து முடித்தாக வேண்டும். தெப்பத்தை இழுக்க வேலையாட்கள் இருவர் வருவார்கள். அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். நான் எண்களைக் குறித்துக்கொள்வேன். அந்தக் குளிர்காலம் முழுக்க என் நாள் அப்படித்தான் தொடங்கியது. ஓடை வந்து விழும் வாய்க்கு அருகில், ஆழமான பழைய ஓடைப் பள்ளம் ஒன்று சேற்றுக்கு அடியில் மறைந்து கிடப்பது கம்பியில் தெரிந்தது. அங்கே சேறு ஓர் ஆள் உயரத்துக்கும் மேல்.

அளந்து முடித்ததும் திட்டம் போட்டோம். மதகைத் திறந்து தண்ணீரை வடியவிட வேண்டும். மேல் சேறு காய்ந்ததும், கோடைக்குள் அள்ளிவிட வேண்டும். பழைய தரைக்குக் கீழே ஓர் அடிகூடத் தோண்டக் கூடாது. தண்ணீரைத் தாங்கும் களிமண் அதுதான், அதைக் கிளறினால் ஏரி ஒழுக ஆரம்பித்துவிடும். ஓடை நுழையும் இடத்தில் ஒரு சிறு குட்டை வெட்டி, வருகிற மண் முதலில் அங்கே தங்கும்படி செய்ய வேண்டும். அள்ளிய ஈரச் சேற்றைக் குடியிருப்புக்குப் பின்னாலுள்ள மைதானத்தில் பரப்பி உலர்த்திவிட்டுப் பிறகு ஏற்றிப் போகலாம். பக்கத்தில் வேறு காலி இடம் இல்லை. காகிதத்தில் பார்த்தால் அந்த மைதானம் அந்த வேலைக்கென்றே அமைந்தது மாதிரி இருந்தது.

அப்போதுதான் ஒரு மனிதர் வர ஆரம்பித்தார். மதகைத் திறந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்த வாரங்களில், கரையில் மரத்தடியில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பேன். ஐம்பத்தைந்து வயதுக்காரர், தேய்த்த வெள்ளைச் சட்டை, பாதுகாப்புத் துறைக் கிடங்கில் ஸ்டோர்கீப்பர் வேலை. குடியிருப்பின் கடைசி பிளாக்கில், தரைத்தளத்தில் வீடு. கிறிஸ்தவப் பெயர் சொன்னார். கோவாக்காரர் என்று எடுத்துக்கொண்டேன். என்னை வேலையாட்கள் 'சாகேப்' என்றுதான் கூப்பிடுவார்கள், அவரும் அப்படியே கூப்பிட்டார். வாரம் தவறாமல் வந்து, ஹிந்தியில் அதே விஷயத்தைச் சொல்வார். மைதானத்தில் சேற்றைக் கொட்டக் கூடாது. அவர் மனைவிக்கு நுரையீரல் கெட்டுவிட்டது. படுத்த படுக்கை. மனைவியின் கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னல் அந்த மைதானத்தைப் பார்த்தபடிதான் இருக்கிறது. சேற்றின் நாற்றமும், காய்ந்த பிறகு கிளம்பும் தூசியும் அந்த ஜன்னல் வழியாகத்தான் போகும்.

நான் மரியாதையாகவே பதில் சொன்னேன். மழைக்கு முன் எல்லாம் அப்புறப்படுத்திவிடுவோம், தண்ணீர் தெளிப்போம் என்றேன். அவர் கேட்டுக்கொண்டு, சரி என்று தலையசைத்து, "டீக் ஹை, சாகேப்" என்று சொல்லிவிட்டுப் போவார். அடுத்த வாரம் மறுபடி வருவார். குரலை உயர்த்தியதே இல்லை. அவர் வருவதை நான் எதிர்பார்க்க ஆரம்பித்திருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். என் மேசைக்கு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்து பேசியவர் அந்த மாதங்களில் அவர் ஒருவர்தான்.

ஹோலிக்கு மறுநாள், வண்ணம் பூசும் நாள், எங்கும் விடுமுறை. அடுத்த வாரம் இயந்திரங்கள் வருவதாக இருந்தது. எவ்வளவு தோண்டலாம் என்று காட்டுவதற்காக ஏரிக்குள் துணி கட்டிய மூங்கில் குச்சிகளை நட்டிருந்தோம். அவை சரியாக நிற்கின்றனவா என்று பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். உண்மையில் அன்று பார்த்தே ஆக வேண்டும் என்று ஒன்றும் இல்லை. தெருவில் எல்லோரும் எல்லோர் மேலும் பொடி பூசிக்கொண்டிருந்தார்கள். என் அறை ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கப் பிடிக்கவில்லை.

காவலாளி ஊருக்குப் போயிருந்தான். ஏரியில் ஓர் ஆளும் இல்லை. மேல் சேறு காய்ந்து, பாளம் பாளமாக வெடித்திருந்தது. காலை வைத்தால் தாங்கியது. கரை ஓரமாகவே போய் ஒவ்வொரு குச்சியாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஓடை வாய்க்குப் பக்கத்தில் ஒரு குச்சி சாய்ந்திருந்தது. அதை நிமிர்த்தலாம் என்று நாலைந்து அடி உள்ளே வைத்தேன். பாளம் உடைந்தது. ஒரு கால் முழங்கால் வரை போனது. அதை இழுக்க மற்றதை ஊன்றினேன், அதுவும் போனது. கொஞ்ச நேரத்தில் இடுப்பு வரை உள்ளே இருந்தேன்.

பதறக் கூடாது என்று தெரியும். வேலையாட்களுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கைகளை விரித்து, சேற்றின் மேல் கொஞ்சம் பின்னால் சாய்ந்துகொண்டேன். அதற்கு மேல் இறங்கவில்லை. ஆனால் காலை அசைக்கவும் முடியவில்லை, கீழே யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. அந்த இடத்தில் சேறு எவ்வளவு ஆழம் என்பதை நானே கம்பி இறக்கிப் பார்த்திருக்கிறேன். அதை நினைக்காமல் இருக்கப் பார்த்தேன்.

கூப்பிட்டேன். குடியிருப்பில் டோல் மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள், ஒலிபெருக்கியில் பாட்டு. என் குரல் கரையைக்கூடத் தாண்டியிருக்காது. வெயில் ஏறியது. சட்டை காய்ந்து சேற்றோடு ஒட்டிக்கொண்டது. கீழே கால்கள் சில்லென்று இருந்தன. சாக்கடை வாடை மூக்கில் பழகிப்போய், பிறகு தெரியவே இல்லை.

யார் தேடுவார்கள் என்று யோசித்தேன். வேலையாட்கள் நாளைக்கும் வர மாட்டார்கள். அலுவலகத்தில், ஏரியில் இருப்பேன் என்று நினைத்துக்கொள்வார்கள். மெஸ்காரர் நான் வராவிட்டால் ஒரு தட்டு குறைத்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை போன் வராவிட்டால் மனைவி, லைன் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வாள். அவள் மேல் குற்றமில்லை, இதற்கு முன் பல ஞாயிறு அப்படி ஆகியிருக்கிறது. உயிர் போய்விடும் என்ற பயத்தைவிட இந்தக் கணக்குதான் என்னை உலுக்கியது. நான் இல்லை என்பது தெரிய எத்தனை நாள் ஆகும் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. அப்போது அழுதேன். அழுததும் மூச்சு வாங்கியது, நிறுத்திவிட்டேன்.

டோல் சத்தம் ஓய்ந்திருந்த ஒரு நேரத்தில் கரையில் ஆட்கள் ஓடிவருவது தெரிந்தது. முன்னால் வெள்ளைச் சட்டையில் அந்த ஸ்டோர்கீப்பர். பின்னால் முகமெல்லாம் பச்சையும் சிவப்புமாக இரண்டு பேர், ஓர் ஏணியையும் நீளமான பலகை ஒன்றையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர் ஹிந்தியில் ஏதோ கத்தினார். எனக்கு அது காதில் ஏறவில்லை. "இங்க வராதீங்க, உள்ள போயிரும், பலகையப் போட்டு வாங்க" என்று என் வாயில் வந்தது தமிழ்தான்.

அவர் ஒரு கணம் நின்றார்.

"தமிழா சார் நீங்க?" என்றார். அடுத்த கணமே, "அசையாதீங்க. பேசாதீங்க. அப்படியே இருங்க" என்றார்.

ஏணியைச் சேற்றின் மேல் படுக்க வைத்து, அதன் மேல் பலகையைப் போட்டு, குப்புறப் படுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். அந்த வெள்ளைச் சட்டையோடு. கையாலேயே என் தொடையைச் சுற்றிச் சேற்றை வாரி வாரி எறிந்தார். "ஒரு கால மட்டும் ஆட்டுங்க, மெல்ல. இன்னொண்ண விட்ருங்க" என்றார். பின்னாலிருந்த இருவர் என் அக்குளில் துண்டைக் கொடுத்து இழுத்தார்கள். ரொம்ப நேரம் ஆனது. ஒரு கால் வந்தது. பிறகு மற்றது. செருப்பு இரண்டும் உள்ளேயே போய்விட்டன. கரையில் வந்து விழுந்ததும், வண்ணம் பூசியிருந்த ஒருவர் என்னைப் பார்த்து, இன்று புனேயிலேயே நன்றாக ஹோலி ஆடியவர் நீர்தான் என்று மராட்டியில் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் வீட்டுப் பின்பக்கக் குழாயடியில் என்னை உட்கார வைத்து, பக்கெட் பக்கெட்டாக ஊற்றினார். தன் லுங்கியும் சட்டையும் கொடுத்தார். "அரே சார், இத்தன வாரமா ஹிந்தில சண்ட போட்டுனு இருந்தோமே. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?" என்றார்.

"நீங்க கோவான்னு நெனச்சேன்."

"எங்க தாத்தா வேலூரு. நான் பொறந்ததே இங்கதான். தமிழ் பேசுவேன், படிக்கத்தான் வராது. வீட்டுல அவங்க ஊர்லேர்ந்து வந்தவங்க, அவங்க நல்லா பேசுவாங்க. உள்ள வாங்க. அவங்கதான் உங்களப் பாத்தது."

ஜன்னலுக்குப் பக்கத்தில் கட்டில். அவருடைய மனைவி தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முன்பு பள்ளியில் டீச்சர். மெலிந்துபோன முகம், பெரிய கண்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் மூச்சுக்காக நிறுத்தினார்.

"நீங்க தினம் காலைல தெப்பத்துல போவீங்க. ஒரு எடத்துல நிப்பீங்க, எழுதுவீங்க, நகருவீங்க. நான் பாத்துனே இருப்பேன், வேற இன்னா வேலை எனக்கு" என்றார். "இன்னிக்கு நின்ன எடத்துலயே நின்னீங்க. நகரவே இல்ல. ஆளும் குள்ளமாயிட்ட மாதிரி இருந்தது. இவரைக் கூப்ட்டேன். கண்ணு சரியில்ல உனக்குன்னாரு."

"சொன்னேன்தான்" என்றார் அவர்.

"ரெண்டாவது தபா கூப்ட்டேன். அப்பறம்தான் எழுந்து வந்து பாத்தாரு."

டீ வந்தது. சாஸரில் சிந்தினேன். அந்த அம்மா அதைப் பார்க்காதது மாதிரி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சேத்த இங்கதான் கொட்டுவீங்களா?" என்று கேட்டார்.

"அப்படித்தான் பிளான்."

"எப்ப முடியும்?"

"மழைக்கு முன்னாடி எடுத்துருவோம்."

"சரி. அதுவரைக்கும் ஜன்னல மூடி வெச்சுக்கறோம்" என்றார். அவ்வளவுதான். கெஞ்சவில்லை, குறையும் சொல்லவில்லை. கணவர் எழுந்து கப்புகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

என் அறைக்குத் திரும்பி வந்து வரைபடத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கைவிட்ட கல் குவாரி ஒன்று இருந்தது. முதலிலேயே அதைப் பார்த்துவிட்டு, தூரம் என்று ஒதுக்கியிருந்தோம். ஈரச் சேற்றை லாரியில் அவ்வளவு தூரம் கொண்டுபோனால் வழியெல்லாம் ஒழுகும், செலவும் கூடும். முழுவதையும் அங்கே அனுப்ப யாரும் சம்மதிக்க மாட்டார்கள். ஆனால் ஏரிச் சேறு எல்லாம் ஒன்றில்லை. ஓடை வாய்ப் பக்கம் கிடந்தது கறுப்பு, சாக்கடை கலந்தது, நாற்றமெல்லாம் அதில்தான். மற்ற இடங்களில் பெரும்பாலும் குன்றிலிருந்து வந்த சிவப்பு வண்டல். அதைச் சுற்றுப்பட்டு விவசாயிகள் வயலுக்குக் கேட்பார்கள்.

முதலாளியிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு வீட்டுக்காகவா?" என்று கேட்டார். சேற்றில் மாட்டிய கதையைச் சொன்னேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஏரிக்கு உரிய அலுவலகத்துக்கு என்னோடு கிளம்பி வந்தார். அங்கே இருந்த அதிகாரி முழுவதும் ஒப்புக்கொள்ளவில்லை. கறுப்புச் சேறு மட்டும் குவாரிக்குப் போகலாம், மற்றது மைதானத்துக்குத்தான், ஆனால் குடியிருப்பை விட்டுத் தள்ளி, நடுவே மண் வரப்பு போட்டு, என்று முடிவானது. விவசாயிகள் டிராக்டர் கொண்டுவந்து நேரே ஏற்றிக்கொள்ளவும் அனுமதி வாங்கினோம். நான் கேட்டதில் பாதி கிடைத்தது.

அந்தக் கோடையில் ஏரி ஒரு பெரிய பட்டறை மாதிரி ஆகிவிட்டது. விடிந்ததிலிருந்து இயந்திரம், டம்பர் லாரி, டிராக்டர். கறுப்புச் சேறு குவாரிக்குப் போனது. நாற்றம் குடியிருப்புக்கு அவ்வளவாக எட்டவில்லை. ஆனால் மே மாதக் காற்றில் சிவப்பு வண்டல் தூசியாகக் கிளம்பியது. தண்ணீர் தெளிக்கும் லாரி சில நாள் வந்தது, சில நாள் வரவில்லை. கடைசி பிளாக்கின் ஜன்னல் மூடியே இருந்தது. ஒரு வாரம் அந்த அம்மாவை ஆஸ்பத்திரியில் வைக்க வேண்டியிருந்தது. நான் போய்ப் பார்த்தபோது ஆக்ஸிஜன் வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் முகமூடியை விலக்கி, "முடிஞ்சிதா?" என்று கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் இருக்கு."

"அவசரப்பட்டு அரைகொறையா வுட்றாதீங்க. மறுபடி இன்னொரு தபா தூசி தாங்க முடியாது" என்றார். கணவர் முகமூடியை எடுத்து மறுபடி பொருத்தினார்.

ஜூனில் மழை வந்தது. நாங்கள் நினைத்ததைவிடக் கொஞ்சம் முந்தியே வந்ததால் தென்கிழக்கு மூலையில் ஒரு பகுதி அள்ளாமல் நின்றுபோனது. ஓடை வாயில் குட்டையை மட்டும் எப்படியோ வெட்டி முடித்திருந்தோம். முதல் வெள்ளத்தில் சிவப்புத் தண்ணீர் அந்தக் குட்டைக்குள் சுழன்று, மண்ணை விட்டுவிட்டு, கொஞ்சம் வெளுத்து ஏரிக்குள் போவதைக் குடை பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன். வேலை சரியாக நடப்பதைக் கண்ணால் பார்ப்பது எங்கள் தொழிலில் அபூர்வம். அதைச் சொல்ல யாராவது வேண்டும் போல இருந்தது. கடைசி பிளாக்குக்கு நடந்தேன். அந்த அம்மா வீடு திரும்பியிருந்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டார். குட்டைக்குள் மண் எப்படித் தங்குகிறது என்று மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னார்.

அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒரு ஞாயிறாவது லோக்கல் ரயில் பிடித்து அங்கே போய்வருவேன். சாப்பாடு ஸ்டோர்கீப்பர் சமைப்பார். அந்த அம்மா கட்டிலிலிருந்தபடியே உப்பு, புளி சொல்வார். என் மகனைப் பற்றிக் கேட்பார். அவன் என்ன படிக்கிறான், யார் ஜாடை என்று கேட்பார். சில கேள்விக்கு எனக்கு விடை தெரியாது. ஊருக்குப் போன் செய்யும்போது கேட்டுக்கொண்டு வந்து சொல்வேன். அதனால் என் மனைவியோடும் கொஞ்சம் கூடுதலாகப் பேசினேன் என்று இப்போது தோன்றுகிறது.

அவர் பணி ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, நகரின் மறுகோடியில், கோந்த்வாவில் அவர்களுடைய மகன் வாங்கிய ஃபிளாட்டுக்குப் போனார்கள். புதுக் கட்டடம், நான்காவது மாடி. சுற்றிலும் குன்றுகளை வெட்டிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. நான் போன முதல் நாள் மழை. தெருவெல்லாம் செக்கச் சிவந்த தண்ணீர் ஓடியது. இந்த மண்ணெல்லாம் எந்த ஏரியில் போய்ச் சேருமோ என்று பார்த்துக்கொண்டே படியேறினேன். அந்த அம்மாவின் கட்டிலிலிருந்து அடுத்த கட்டடத்தின் சுவரும் துணி உலர்த்தும் கம்பிகளும்தான் தெரிந்தன. "இங்க பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. டி.வி. போட்டு வெச்சிருக்காங்க" என்றார். அடுத்த குளிர்காலத்தில் தூக்கத்திலேயே போய்விட்டார்.

ஸ்டோர்கீப்பர் போனில் சொன்னார். "அவங்க போய்ட்டாங்க சார்" என்றார். அடக்கத்துக்குப் போனேன். கல்லறையில் பாதிரியார் மராட்டியில் ஜெபித்தார், பிறகு ஆங்கிலத்தில். கடைசியில் ஸ்டோர்கீப்பர் மட்டும் தணிந்த குரலில் தமிழில் ஏதோ சொன்னார். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடங்கள் கழித்து, அதே ஏரியை மறுபடி அளக்கச் சொல்லி வேலை வந்தது. அதற்குள் எதிரொலியை வைத்து ஆழம் சொல்லும் கருவியெல்லாம் வந்துவிட்டது. ஆனாலும் சேற்றின் கனத்தைப் பார்க்கக் கம்பிதான் இறக்க வேண்டும். அவருக்குப் போன் செய்து, வருகிறீர்களா என்று கேட்டேன். காலையில் எனக்கு முன்னால் வந்து கரையில் நின்றார். தெப்பத்தில் ஏற்றிக்கொண்டேன். "அத்தன வருஷம் பக்கத்துல இருந்தேன். ஒரு நாள்கூடத் தண்ணிக்குள்ள வந்ததில்ல" என்றார். இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு, நான் கம்பி இறக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்ளோ வந்துருச்சு சார்?"

"இங்க முழங்கால் அளவு. ஓடைப் பக்கம் இன்னும் கூடுதல். குட்டைய மொத ரெண்டு மூணு வருஷம் சுத்தம் பண்ணினாங்க. அப்பறம் விட்டுட்டாங்க. அது நெறஞ்சு, மண்ணு நேரா உள்ள வருது."

"அப்ப மறுபடியும் அதே மாதிரி அள்ளணுமா?"

"இப்ப வேண்டாம். குட்டைய மட்டும் வருஷா வருஷம் அள்ளினா போதும். எழுதிக் கொடுக்கறேன்."

"செய்வாங்களா?"

"தெரியல."

அவர் தலையாட்டினார். தெப்பம் அடுத்த இடத்துக்கு நகர்ந்ததும், "வீட்டுல எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்கறாங்க" என்றார். நான் கேட்காமலே சொன்னார். "மருமக நல்ல பொண்ணு. பேரன் ஹிந்தியும் இங்கிலீஷும்தான். சாயங்காலம் ஆனா யார்கிட்ட பேசறதுன்னு தெரியல." காற்று எழும்ப ஆரம்பித்திருந்தது. மீதியை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று தெப்பத்தைத் திருப்பச் சொன்னேன்.

அந்த வருடமே புனே வேலையை விட்டேன். திருச்சியில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் இடம் கிடைத்தது. சம்பளம் குறைவு. வழியனுப்ப அவர் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். ரயில் கிளம்பும் வரை பிளாட்பாரத்தில் நின்று, போகும் வழியில் சாப்பாடு எங்கே வாங்கினால் நன்றாக இருக்கும் என்பதைப் பற்றியே பேசினார்.

திருச்சி வீட்டில் எல்லாவற்றுக்கும் ஓர் ஒழுங்கு இருந்தது. மகன் எட்டாம் வகுப்பு. காலையில் யார் முதலில் குளிப்பது, யார் கேட்டைப் பூட்டுவது என்பதெல்லாம் அவர்கள் இருவருக்குள் எப்போதோ முடிவாகியிருந்தது. நான் எதையாவது செய்யப் போனால், "இருக்கட்டும்ப்பா, நான் பண்ணிக்கறேன்" என்பான் அவன். மனைவி எனக்காக பீரோவில் ஒரு தட்டைக் காலி செய்து, பழைய காகிதத்தை எடுத்துவிட்டுப் புதிது விரித்து வைத்திருந்தாள். போதுமா என்று கேட்டாள். புனேயிலிருந்து கொண்டுவந்ததையெல்லாம் மடித்து அதில் வைத்தேன். எல்லாம் வைத்த பிறகும் இடம் இருந்தது.